வெள்ளி பூசிய பம்பர்

காரைக்காலில் கொடி மாற இன்னும் சில நாள்தான் பாக்கி. மொசியே அல்பேரின் கார் பம்பரில் மட்டும் பழைய பிரெஞ்சுக் கொடி பளபளத்துக்கொண்டிருந்தது.

நீலம், வெள்ளை, சிவப்பு. யுத்தம் முடிந்த வருஷம், பிரெஞ்சுக்காரரின் தேசியத் திருநாளான ஜூலை பதினாலுக்காக அவரே வீட்டில் பெயிண்டு அடித்தது. கடற்காற்றில் ஊர் இரும்பெல்லாம் துருவேறிப் போனாலும் அந்தப் பம்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஞாயிறு தோறும் மெழுகு போட்டுத் தேய்ப்பார். பூசைக்குப் போகாத ஞாயிறு உண்டு, மெழுகு போடாத ஞாயிறு கிடையாது என்பது அவர் மனைவி ஐரேனின் புகார்.

இப்போது தெருவில் தார் டின்னோடு ஒருவன் திரிந்தான். பிரெஞ்சுக்காரனுக்கு வால் பிடித்தவர்கள் என்று பேர் வாங்கியவர்களின் வாசல் தூணில் கறுப்பாக ஒரு வட்டம் போடுவான். வட்டம் விழுந்த வீட்டில் ராத்திரி கல் விழும். கோர்ட்டு குமாஸ்தா வீட்டில் ஒரு ஜன்னல் கண்ணாடி மிஞ்சவில்லை. நேற்றுச் சாயங்காலம் அவன் அல்பேர் வீட்டு வாசலில் நின்றான். காரை எட்டிப் பார்த்தான். தையல்காரன் அளவெடுப்பதுபோலத் தூணைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் போடாமல் போய்விட்டான். போட்டிருந்தால்கூட அல்பேர் தூங்கியிருப்பார்.

விடிந்ததும் அவர் இந்திய இணைப்புக் கமிட்டித் தலைவர் குஞ்சிதபாதத்திடம் ஓடினார். கொடி மாறும் அன்றைக்கு ஊர்வலத்துக்குத் தன் காரையே எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஓட்டுவதும் தானே என்றார். தலைவர் மகிழ்ந்து, "மெர்சி மொசியே" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்று திருத்தினார்.

திரும்பி வரும் வழியில் ஒரு டப்பா வெள்ளிப் பெயிண்டு வாங்கினார். வெள்ளி எந்தக் கட்சியும் இல்லை. வெள்ளியைக் கண்டு எவனும் கல் எறிய மாட்டான்.

கொசு மருந்து அடிக்கிற பம்பைக் கழுவிப் பெயிண்டை ஊற்றினார். கூடவே இரண்டு கரண்டி விளக்கெண்ணெயும் விட்டார்.

"எண்ணெ எதுக்குங்க?" என்றாள் ஐரேன். "காயாதே! மொதல்ல உப்புத்தாள் போட்டு அந்த மெழுகைத் தேய்ச்சு எடுங்க."

"காய வேணாம். துணி போட்டுத் துடைச்சா வந்துடணும்."

"ஏன்?"

அல்பேர் குரலைத் தாழ்த்தினார். "அவங்க திரும்பி வந்துட்டா?"

"யாரு? மூட்டை கட்டிட்டு நிக்கிறவங்களா?"

"போன கப்பல் திரும்பாதா என்ன? அரசியல் தெரியாத பொம்பள, பேசாம இரு."

"எனக்கு அரசியல் தெரியாது. ஓட்டுக் கூரைல கல் விழுந்தா என்ன சத்தம் வரும்னு தெரியும்" என்று அவள் உள்ளே போனாள்.

புஸ் புஸ் என்று அடித்ததில் பாதி பம்பருக்கும் பாதி அவர் மீசைக்கும் போயிற்று. ஆனாலும் மூன்று நிறமும் மறைந்தன. தள்ளி நின்று பார்த்தார். துலக்கி வைத்த குத்துவிளக்குபோல் அப்பாவியாக இருந்தது கார்.

ஊர்வலத்தன்று ஒரே கூட்டம். குஞ்சிதபாதம் கஞ்சி மொடமொடக்கும் புதுக் கதரில் வந்தார். போட்டோக்காரர் கேட்டதும் ஒரு காலைத் தூக்கிப் பம்பர்மேல் வைத்து, தூரத்துச் சுதந்திரத்தைப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். செருப்பு சர்ரென்று வழுக்கியது. வழுக்கிய இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளி வழிந்து, நீலம் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் வெள்ளை.

தலைவரின் முகம் மாறியது.

"என்னய்யா இது?" என்றார் பல்லைக் கடித்தபடி.

"நீங்களும்தானுங்களே, போன வருஷம் கவர்னர் விருந்துக்கு இதே கார்ல, கோட்டு போட்டுக்கிட்டு…"

"அந்த ஞாபகமெல்லாம் இப்ப எதுக்கு?" தலைவர் சட்டென்று திரும்பினார். "எங்கப்பா மாலை? எல்லாத்தையும் கொண்டாந்து இதுல போடுங்க! நம்ம காருக்கு மரியாதை செய்ய வேண்டாமா?"

சாமந்தி மாலைகள் பம்பரை மூடின. கூட்டம் கைதட்டியது. அல்பேருக்கு மூச்சு வந்தது.

மேல்கூரையை மடக்கிய கார் புறப்பட்டது. பின்சீட்டில் தலைவர் எழுந்து நின்று கும்பிட்டார். முன்னால் நாயனக்காரர் காரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வாசித்தார். தெருவெல்லாம் மேடு பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் மாலைகள் குலுங்கின. குலுங்கிக் குலுங்கிப் பம்பரைத் துடைத்தன. அல்பேர் அவ்வளவு பிரியமாகப் போட்ட மெழுகின்மேல், விளக்கெண்ணெய்ப் பெயிண்டு பாலாடைபோல் வழுகியது. உதிர்ந்த பூவெல்லாம் வெள்ளியாக உதிர்ந்தது.

ஸ்டியரிங்கில் இருந்தவருக்குப் பம்பர் தெரியாது. எதிரே இருந்த முகங்கள்தான் தெரிந்தன. நாயனக்காரரின் பார்வை கீழே போனது. அங்கேயே நின்றது. வாசிப்பில் ஒரு சுரம் தடுக்கியது. தவில்காரர் அவர் பார்த்த இடத்தைப் பார்த்தார். அடி தளர்ந்தது. பிறகு மேளமே நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் மட்டும் விஷயம் தெரியாமல் "வாழ்க!" போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அல்பேர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். குஞ்சிதபாதம் எப்போது இறங்கினார் என்று தெரியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் பம்பருக்கு முன்னால் வந்து குந்தினான். மிச்சமிருந்த வெள்ளியை ஒரு விரலால் வழித்தான். விரலை வேட்டியில் துடைத்தான். எழுந்து, ஓரமாக வைத்திருந்த தார் டின்னை எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஐரேன் தனியாக இருந்த தெருப்பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

கும்பலின் நடுவே காரைத் திருப்ப இடம் இருக்கவில்லை.