ஆறாம் நாள் எண்ணிக்கை

பள்ளி திறந்து ஐந்தாம் நாள். மாலை மூன்றரைக்குப் பதிவேட்டை மறுபடி எண்ணினேன். அறுபது. காலையிலும் அறுபதுதான். ஆறாவது வேலை நாளில் எத்தனை பெயர் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் எங்களுக்கு ஆசிரியர் இடங்கள். அறுபத்தொன்று இல்லாவிட்டால் ஓர் இடம் போகும். கடைசியாக வேலைக்கு வந்தவள் நான், போகப்போவதும் நானே.

"எண்ண எண்ண அது குட்டியா போடப்போவுது?" என்றார் தலைமையாசிரியை லீலாம்மா. "போயி பைஜு வீட்டப் பாரு."

பைஜு காயல் கரையில் வாத்து வளர்ப்பவர். அவர் மகன் ஆதிஷ் போன வருடம் எங்கள் மூன்றாம் வகுப்பில் இருந்தான். மாவட்டக் கணக்குப் போட்டியில் முதலாவதாக வந்தான். அவன் படம், அப்பா பெயர், வீட்டுப் பெயர் எல்லாம் போட்டுப் படகுத்துறையில் ஃப்ளெக்ஸ் கட்டலாம் என்றது என் யோசனை. அதைப் பார்த்து நாலு பிள்ளைகள் சேருவார்கள் என்று நினைத்தேன். அக்கரை ஆங்கிலப் பள்ளிக்காரர்கள் அதைப் படித்துவிட்டு நேரே பைஜு வீட்டுக்குப் போய், கட்டணமே வேண்டாமென்று பையனை அழைத்துக்கொண்டார்கள்.

அவன் தங்கை நிவேத்யா மட்டும் இன்னும் எங்கும் சேரவில்லை.

பைஜு வாத்துகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார்.

"வாங்க டீச்சரே! இந்த வருசம் யாரப் போர்டுல ஏத்தப்போறீங்க?"

"நிவேத்யாவ எங்க சேக்கறீங்க சேட்டா?"

"அண்ணன் போற எடத்துலதான். நேத்து கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டாங்க. இவ வாயே தொறக்கல. சொல்லி அனுப்பறோம்னாங்க."

"எங்க சொல்லி அனுப்பப்போறாங்க?" என்றாள் அவர் மனைவி ராதாமணி, உள்ளிருந்து.

"நாளைக்கே எங்ககிட்ட சேத்துடுங்களேன்."

பைஜு கையை உதறிக்கொண்டு எழுந்தார். "ஓ, நாளைக்கு ஆறாம் நாளா? நெசமாச் சொல்லுங்க, பிள்ளை வேணுமா, எண்ணிக்கை வேணுமா?"

வழியெல்லாம் தயார் செய்துவைத்த பேச்சை விட்டுவிட்டேன்.

"எண்ணிக்கைதான்," என்றேன். "அது இருந்தாத்தான் நான் இருப்பேன். ஒண்ணாங்கிளாஸ் என்னுது. இவ வாய் தொறக்கலன்னா தொறக்கற வரைக்கும் பக்கத்துல ஒக்காந்திருப்பேன்."

"பொய் சொல்ல வரல உங்களுக்கு," என்று சிரித்தார். வருகிறோம் என்று சொல்லவில்லை.

மறுநாள் ஒன்பது பத்துக்கு வந்த படகில் அவர்கள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. வகுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தேன். "ஒக்காரு, தரை தேயுது," என்றார் லீலாம்மா.

பதினொன்றேகாலுக்கு ராதாமணி குடையையும் மீறி மழையில் நனைந்து மகளோடு வந்தாள். பெயரைக் கேட்டதற்கு நிவேத்யா வாய் திறக்கவில்லை, அம்மாதான் சொன்னாள். நான் எழுதினேன். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

"இன்னியோட எண்ணிக்கை முடிஞ்சுதுல்ல?" என்றாள் ராதாமணி.

"முடிஞ்சுது."

"அப்பறமா எப்ப வேணா இவளக் கூட்டிட்டுப் போலாமா?"

"போலாம்."

"அப்ப சரி. நீங்க இவ பக்கத்துல ஒக்காந்திருக்கீங்களான்னு நான் அப்பப்ப வந்து பாக்கறேன்," என்று குடையை விரித்தாள்.