மூன்று தலை, நான்கு குரல்

மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் நான்கு பேர் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து நின்றால் அது கூட்டம். அனுமதிச் சீட்டு வேண்டும். மூன்று பேர் நின்றால் வெறும் மூன்று பேர், அவ்வளவுதான். குவிமாடத்துக்கு நேர் கீழே நின்று தினமும் நண்பகலில் தலை எண்ணுவது காவலர் மார்லிஸின் வேலை. பணியில் இருக்கும் காவலர்களை எண்ண வேண்டாம் என்று விதியிலேயே எழுதியிருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஆசிரியர் சங்கங்களின் வாயைக் கட்ட ஒரு சட்டம் வந்தது. அதை எதிர்த்து நண்பகல்தோறும் அறுபது, எழுபது பேர் இங்கே வந்து பாடினார்கள். பிறகு இந்த விதி வந்தது. விதிக்குப் பின்னால் கைவிலங்கு வந்தது. நின்று கேட்டவர்களையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போனார்கள். இந்த பிப்ரவரியில் மிஞ்சியது மூன்று பெண்கள்தான்: ஆர்டிஸ், ஜோலீன், வெர்னா.

மூவரையும் மார்லிஸுக்கு நன்றாகத் தெரியும். நால்வரும் ஒரே லூத்தரன் தேவாலயத்தில் பதினொரு வருடம் சேர்ந்து பாடியவர்கள். அந்த ஊரில் நடை பழகும்போதே நான்கு குரலாகப் பிரித்துப் பாடவும் பழகிவிடுவார்கள். ஆர்டிஸ் முதல் குரல். ஜோலீன் மூன்றாவது. வெர்னாவுக்கு ஆண்பிள்ளை மாதிரி அடித்தொண்டை. இரண்டாம் குரல் மார்லிஸுடையது. அவள் சீருடையோடு எதிரே நின்றதால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுப் பாடினார்கள். கேட்பவர்களுக்குப் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அது காலியாக இல்லை.

மார்லிஸ் எண்ணினாள். மூன்று தலை. மறுபடி எண்ணினாள். பளிங்குத் தூண்களுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. இரண்டாம் குரல் மட்டும் அவசரமில்லாமல், மேலே எங்கிருந்தோ இறங்கிக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் ஒரு கணம் மார்லிஸைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் பாட்டை நிறுத்தவில்லை. படிவத்தில் மூன்று என்று எழுதினாள் மார்லிஸ்.

புதன்கிழமை பாட்டு முடிந்ததும் லெஃப்டினன்ட் ஸ்டென்சல் அவளை அடித்தள அறைக்குக் கூப்பிட்டார். சத்தத்தை அளக்க வைத்திருந்த ஒலிவாங்கியின் பதிவை ஓடவிட்டார்.

"எத்தனை பேர் பாடுறாங்க, மார்லிஸ்?"

"மூணு பேர், சார்."

"எங்க வீட்டு நாயை உட்கார வச்சாக்கூட நாலுன்னு குரைக்கும்." ஒலியைக் கூட்டினார். "நேத்தும் நாலு. இன்னிக்கும் நாலு. நீங்க எழுதுனது மட்டும் மூணு."

"தலை மூணுதான் சார் இருந்துச்சு."

"அப்போ தலையில்லாம ஒண்ணு பாடுதா? நாளைக்கு நானே வர்றேன். மேல் மாடமெல்லாம் கயிறு கட்டி மூடிடலாம். நாலாவது குரல் கேட்டா மூணு பேரையும் உள்ள தள்ளிட வேண்டியதுதான்."

ஆர்டிஸ் ஏற்கெனவே இரண்டு முறை பிடிபட்டவள். மூன்றாவது முறை என்றால் முப்பது நாள் சிறை என்று நீதிபதி சொல்லியிருந்தார். சிறைக்குப் போன ஆசிரியையைப் பள்ளி வைத்துக்கொள்ளாது. மழலையர் வகுப்பைக் காலையோடு முடித்துவிட்டு, விரல்களில் வண்ணச் சாயம் போகாமலே ஓடி வந்து பாடுகிறவள் அவள்.

அன்று வாகன நிறுத்தத்தில், காரின் மேலிருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்த ஆர்டிஸிடம் மார்லிஸ் போனாள்.

"நாளைக்கு வராதடி."

"ஏன், நீ வந்து பாடப் போறியா?"

"விளையாடாத. அது யாரு?"

"நாங்க உன்னைத்தான்னு நினைச்சோம்." ஆர்டிஸ் சுரண்டுவதை நிறுத்தினாள். "வெர்னாகூடச் சொன்னா, சீருடை போட்டும் இவளுக்கு அந்த மூணாவது அடியில மூச்சு வாங்குற கெட்ட பழக்கம் போகலேன்னு."

அந்தக் குரல் மூன்றாவது அடியில் மூச்சு வாங்கியதை மார்லிஸும் கேட்டிருந்தாள்.

"நான் பாடல, ஆர்டிஸ்."

"சரி, பாடல." ஆர்டிஸ் கார்க் கதவைத் திறந்தாள். "நான் வராம இருந்தா அப்புறம் ரெண்டு பேர். அப்புறம் ஒருத்தி. அவங்களுக்கு வேண்டியது அதுதானே?"

வியாழக்கிழமை மேல்மாடங்கள் நான்கும் வெறிச்சோடிக் கிடந்தன. வட்டத் தளத்தில் மூன்று பெண்கள், மார்லிஸ், லெஃப்டினன்ட். மணி அடித்தது. மூன்று குரல் எழுந்தது. இரண்டாவது வரியில் நான்காவதும் சேர்ந்துகொண்டது.

மார்லிஸ் விரல்களைத் தொண்டையில் வைத்தாள். உள்ளே ஓர் அசைவும் இல்லை. உதடுகள் ஒட்டியிருந்தன. அவள் குரல் மட்டும், சந்தேகமே இல்லாமல் அவளுடைய குரல், குவிமாடத்தின் உட்புறத்தை மெதுவாகச் சுற்றி வந்தது.

லெஃப்டினன்ட் ஒவ்வொரு மாடமாக அண்ணாந்து பார்த்தார். கை இடுப்பிலிருந்த கைவிலங்குக்குப் போனது.

"எங்க ஒளிஞ்சிருந்தாலும் சரி. நாலு நாலுதான். பிடிங்க அவங்கள."

"அது நான், சார்," என்றாள் மார்லிஸ்.

"உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன். அசையல."

"பழக்கம், சார். வாயை மூடிக்கிட்டே வந்துடும். பணியில இருக்கிற காவலரை எண்ணக் கூடாதே. மூணு பேர்தான்."

அவர் அவளையே பார்த்தார். "எங்க, வாயைத் திறந்து பாடுங்க."

அவள் திறந்தாள். மேலே இருந்த குரல் அந்தக் கணமே, ஒரு சொல்லின் பாதியில் நின்றது. மீதிப் பாதி இவள் வாயிலிருந்து வந்தது. சுருதியை அவள் தேடவேயில்லை. எதிரொலிதான் முறை மாறியிருந்தது; ஒவ்வொரு சொல்லும் அவள் பாடுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே மேலிருந்து வந்தது.

ஆர்டிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது அடியில் மட்டும் அவளுக்காகக் கால் நொடி தாமதித்தாள்.

சரணம் முடிந்தது. லெஃப்டினன்ட் படிவத்தை வாங்கி, பேனாவை அழுத்திப் பிடித்து, மூன்று என்று எழுதினார். பிறகு கையை நீட்டினார்.

"பணியில இருந்துக்கிட்டு அவங்களோட சேர்ந்து பாடியிருக்கீங்க. பேட்ஜைக் கொடுங்க."

மார்லிஸ் மார்பிலிருந்த பேட்ஜைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். வைத்த பிறகுதான் உறைத்தது. இப்போது அவளும் ஒரு தலை, நான்காவது தலை.

அவருக்கும் அது உறைத்தது. உதட்டோரம் ஏதோ அசைந்தது. பேனா இன்னும் படிவத்தின் மேலேயே இருந்தது.

மூன்று பெண்களும் அடுத்த சரணத்துக்கு மூச்சை இழுத்துவிட்டிருந்தார்கள். தோள்கள் உயர்ந்திருந்தன. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. இழுத்த மூச்சை அப்படியே பிடித்துக்கொண்டு, அவள் வாசலைத் தாண்டக் காத்து நின்றார்கள்.

மார்லிஸ் திரும்பி நடந்தாள். ஓடவில்லை. பளிங்குத் தரையில் பூட்ஸ் சத்தம் ஒவ்வொன்றும் மேலே போய்த் திரும்பியது. வாசல் வரை நாற்பது அடி. வெர்னாவுக்கு ஆஸ்துமா. முப்பதாவது அடியில் பின்னால் மெல்லிய ஒரு விசில் கேட்டது. மூச்சு அல்ல, மூச்சைப் பிடித்திருக்கும் வலி. யாரும் பாடத் தொடங்கவில்லை. அவள் சுழல்கதவைத் தோளால் தள்ளினாள். அது சுற்றி, அவளை வெளியே பனியில் விட்டுவிட்டு, நின்றது.

உள்ளே பாட்டு எழுந்தது.

எத்தனை குரல் என்று அவள் எண்ணவில்லை. காதுகளைக் கையால் பொத்திக்கொண்டு, உறைந்த ஏரிப் பக்கமாகப் படியிறங்கினாள்.