படிக்கிறவர் குறுக்கே பேசக் கூடாது

என் வீட்டுக்காரர் ஆதிகேசவனிடம் ஒரு திறமை இருக்கிறது. நான் ஆரம்பிக்கிற எந்த வாக்கியத்தையும் அவர் முடித்து வைத்துவிடுவார். என்ன, ஒருநாளும் நான் நினைத்த மாதிரி முடிக்க மாட்டார்.

"ஏங்க, அந்த ஓசூர் வீடு..."

"சூப்பரா கீது இல்ல? எனக்குத் தெரியும், உனக்குப் புடிச்சிப் போச்சு."

"அது இல்லீங்க, எனக்கு வந்து..."

"உனக்கு வந்து கிச்சன் பெருசா வேணும். அதான? புரோக்கர்கிட்ட சொல்லிட்டேன், வுடு."

இப்படித்தான் ஓசூருக்குக் குடிபோக நான் சம்மதித்தேன். நான் சம்மதித்த விஷயம் எனக்கே பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் சொல்லித்தான் தெரியும்.

போன வருஷம் அவர் ஃபேக்டரியிலிருந்து ரிட்டையர் ஆனார். அதுவரை பகலிலாவது மெஷின் சத்தம் அவரை அடக்கி வைத்திருந்தது. இப்போது அதுவும் போயிற்று. மர்பி டவுனில் இருக்கிற எங்கள் வீட்டை லீசுக்கு விட்டுவிட்டு, அந்தப் பணத்தோடு ஓசூரில் ஒரு ஃப்ளாட்டுக்குப் போவது என்று திட்டம் போட்டுவிட்டார். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் திங்கட்கிழமை நானும் போய் லீசுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். லீசுக்கும் அந்த ஓசூர் புரோக்கர்தான் ஏற்பாடு. நான் அல்சூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. ஓசூரிலிருந்து ஷிஃப்டுக்கு வந்து போவதெல்லாம் நடக்கிற காரியமா? "அவ வேலைய வுட்டுடறா. போதும்னு சொல்லிட்டா" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நான் எங்கே சொன்னேன்? எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. அந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

சண்டை போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். சண்டை போடவும் ஒரு வாக்கியத்தை முடிக்க வேண்டுமே! வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பியும் பார்த்தேன். அவர் முதல் வரியைப் படித்ததுமே பக்கத்து ரூமிலிருந்து குரல் வந்தது. "புரிஞ்சிது, புரிஞ்சிது!" கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடலாம்தான். ஆனால் ரிஜிஸ்டர் ஆபீஸில் நாலு பேர் முன்னால் அவரை அசிங்கப்படுத்த எனக்கு மனசு வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. வாயை மூடத் தெரியாது, அவ்வளவுதான்.

எனக்கு இருந்த ஒரே நிம்மதி எங்கள் ஏரியா லைப்ரரி. அமைதியாக இருக்கச் சொல்லி வாசலிலேயே கன்னடத்தில் ஒரு பெரிய போர்டு உண்டு. ஒருமுறை இவர் என்னைத் தேடிக்கொண்டு வந்து, படியில் நின்றபடியே சிலிண்டர்காரன் செய்த அக்கிரமத்தைச் சொல்ல ஆரம்பித்தார். லைப்ரரியன் வீணா மேடம் பேசாமல் வெளியே கையைக் காட்டினார். அதோடு இவர் அந்தப் பக்கம் வருவதில்லை. டியூட்டி முடிந்து வரும் வழியில் தமிழ் ரேக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படிப்பேன். கதையில் வருகிறவர்கள் எல்லாரும் பேசி முடிக்கிறார்கள், அதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும்.

அந்த நிம்மதிக்கும் வந்தது கேடு. லைப்ரரி என்றால் புத்தகம் மட்டும் போதாது, ஜனங்களுக்கு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். ஒரு வாரம் சர்க்கரை டெஸ்ட். ஒரு வாரம் ஆதார் முகாம். யோகா வகுப்பு வைக்கிறோம் என்று என் நாற்காலியைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே போட்டார்கள். குழந்தைகளுக்குக் கதை சொல்ல வந்தவர் புலியாக உறுமியதில் பேப்பர் படிக்க வந்த பெரியவர்கள் எழுந்தே போய்விட்டார்கள். எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்து மேலே அனுப்ப வேண்டும், ஃபோட்டோவில் கூட்டம் தெரிய வேண்டும். கூட்டம் குறைந்தால் வீணா மேடத்தின் கண் என் மேல்தான் விழும். அந்த ஆதார் முகாமில் ஃபோட்டோவுக்காக மட்டும் நான் இரண்டு தடவை வரிசையில் நின்றேன்.

இந்தத் தடவை வீணா மேடம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தே விட்டார்.

"உஷாம்மா, ஸ்வல்ப ஹெல்ப் மாடி" என்று கன்னடத்தில் உதவி கேட்டார். "இந்த சனிக்கிழமை நீங்க புக்கா இருக்கணும்."

"புக்கு எடுக்கணுமா மேடம்?"

"எடுக்க இல்ல. நீங்கதான் புக்கு."

ஏதோ கேலி என்று நினைத்தேன். அப்போதுதான் சுஹாஸ் என்ற பையன் முன்னால் வந்தான். ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்துகொண்டு, லீவு நாளில் சமூக சேவை செய்கிறவன். "ஆண்ட்டி, இதுக்குப் பேரு மனிதப் புத்தகம். ஒவ்வொருத்தர் லைஃபும் ஒரு புக். ரீடர்ஸ் வந்து உங்களை இருபது நிமிஷம் எடுத்துப்பாங்க. நீங்க உங்க கதையைச் சொல்லணும், அவ்ளோதான்" என்றான். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பழக்கம் இல்லாததால் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் போஸ்டரை என் போனுக்கு அனுப்பினான். என் ஃபோட்டோவுக்குக் கீழே 'மௌனத்தின் கண்ணீர்: ஓர் ஆயாவின் கதை' என்று போட்டிருந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நேராக லைப்ரரிக்குப் போய் அவனைப் பிடித்தேன்.

"நான் எப்ப தம்பி அழுதேன்?"

"அழல ஆண்ட்டி. ஆனா ஒரு எமோஷனல் டச் இருந்தாத்தான் ரீடர்ஸ் வருவாங்க."

"வர வேணாம். வார்டு ஆயா உஷான்னு போடு."

"அது ரொம்ப பிளெய்னா இருக்கு ஆண்ட்டி. யாரும் எடுக்க மாட்டாங்க."

"எடுக்காட்டா போகட்டும், நான் பத்திரிகை படிக்கிறேன்."

அவன் சொன்னதுதான் நடந்தது. சனிக்கிழமை ஹாலில் சுற்றிலும் சின்ன மேஜைகள் போட்டு எங்களை உட்கார வைத்திருந்தார்கள். ஆட்டோ ஓட்டுகிற நோரா முன்னால் வரிசை. ஆஸ்டின் டவுன் கிரவுண்டில் ஃபுட்பால் ஆடி முட்டியை உடைத்துக்கொண்ட கோவிந்தப்பா முன்னால் அதைவிடப் பெரிய வரிசை. என் முன்னால் காலி நாற்காலி. வேண்டாம் என்று இருந்தவள்தான் நான். ஆனாலும் யாரும் வரவில்லை என்றதும் ரோஷம் வந்துவிட்டது. என் கதை என்ன அவ்வளவு மட்டமா?

வீணா மேடம் ஃபோட்டோ எடுக்க வந்து, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். சுஹாஸ் வெளியே ஓடினான். டீக்கடையில் சும்மா நிற்கிற யாரையாவது பிடித்துக்கொண்டு வரலாம் என்று போனவன், டீக்கடையில் ஓசூர் தண்ணீரின் ருசியைப் பற்றிச் சத்தமாகச் சொற்பொழிவு செய்துகொண்டிருந்த ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். என் வீட்டுக்காரர்!

"இவளா?" என்று ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். "இவளத்தான் தெனமும் படிக்கிறேனேப்பா!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "தம்பி, இவரு வேணாம். வேற யாரையாவது கூட்டிட்டு வா" என்றேன்.

"ஆண்ட்டி, புக் ரீடரை செலக்ட் பண்ண முடியாது. அது ரூல்" என்று சொல்லிவிட்டு, அவரை உட்கார வைத்து, கையிலிருந்த போனை வாங்கிக் கூடையில் போட்டான். "அங்கிள், உங்களுக்கும் ரூல் இருக்கு. ரீடர் குறுக்கே பேசக் கூடாது. அவங்க முடிச்ச பிறகு ஒரே ஒரு கேள்வி கேக்கலாம்."

"அதுக்கு இன்னாப்பா? நான் எப்பவும்..."

"ஷ்!" என்றார் வீணா மேடம், கேமராவை இறக்காமலே. என் வீட்டுக்காரர் வாய் அப்படியே நின்றது.

நான் பேச வேண்டும். எனக்கோ என்ன பேசுவது என்றே தெரியவில்லை. வாக்கியத்தின் முதல் பாதியோடு நின்று நின்று, இரண்டாவது பாதி எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டிருந்தது. எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. கிடைத்திருப்பது இருபது நிமிஷம், அதில் பாதியை முழித்துக்கொண்டே தொலைத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. சரி, தெரிந்ததைச் சொல்வோம் என்று வார்டிலிருந்து ஆரம்பித்தேன்.

"காலைல டியூட்டிக்குப் போனதும் ஒவ்வொரு பெட்டா பாத்துட்டு வருவேன். யாரு தூங்கல, யாரு சாப்பிடல, யாரோட சொந்தக்காரங்க சொல்லாம கொள்ளாம போயிட்டாங்கன்னு..."

"ஆமாமா, பெட்ஷீட்டு..." என்று ஆரம்பித்தார்.

"அங்கிள்!" என்றான் சுஹாஸ்.

நான் விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். ஆபரேஷனுக்குப் போகிற பொம்பளைங்க கழற்றுகிற வளையலைக் கையில் வாங்கும்போது என்ன சொல்வேன் என்று சொன்னேன். பிறந்த குழந்தையை வாங்க ஆள் வராமல் ஒரு முழு நாள் நானே வைத்துக்கொண்டு திரிந்ததைச் சொன்னேன். அவருடைய முகம் மாறிக்கொண்டே வந்தது. இதெல்லாம் அவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? "இன்னிக்கு வார்டுல..." என்று நான் சொன்னாலே "கூட்டம் ஜாஸ்தி" என்று முடித்துவிடுகிறவர்தானே.

"காலைல பெட்டெல்லாம் பாத்து முடிச்சதும், ஷிஃப்டுக்கு வர்ற சிஸ்டர் என்கிட்ட வந்து, 'உஷா, ராத்திரி எப்படி?'ன்னு கேப்பாங்க. நான் சொல்லுவேன். சொல்லி முடிக்கற வரைக்கும் அவங்க அங்கயே நிப்பாங்க. கைல ஆயிரம் வேலை இருக்கும், ஆனாலும் நிப்பாங்க. என் வாழ்க்கையில நான் பேசி முடிக்கிற எடம் அது ஒண்ணுதாங்க."

நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அதை விட்டுட்டு வர எனக்கு இஷ்டம் இல்ல. ஓசூர் எனக்கு வேணாம். ஓசூர் நல்ல ஊருதான். ஃப்ளாட்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு வேணாம்."

சொல்லிவிட்டேன்! இன்னும் நேரம் பாக்கி இருந்தது, ஆனால் சொல்ல வேறு எதுவும் இல்லை. பக்கத்து மேஜையில் கோவிந்தப்பா மட்டும் யாரிடமோ பெனால்டி கிக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், இப்ப நீங்க கேள்வி கேக்கலாம்" என்றான் சுஹாஸ்.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நிஜமாகவே ஒன்றும் புரியாத முகத்தோடு கேட்டார்.

"இத ஏன் உஷா நீ முன்னாடியே சொல்லல?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கூடவே, எங்கிருந்து வந்ததோ, அழுகையும் வந்தது. போஸ்டரில் அவன் போட்டது பலித்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சொன்னேங்க. கல்யாணமான நாள்லேருந்து பாதி பாதியா சொல்லிட்டுத்தான் இருக்கேன். மீதிய நீங்க சொல்லிட்டீங்க."

சுஹாஸ் மணி அடித்தான். கூடையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு அவர் பேசாமல் வெளியே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். டீக்கடையில் இரண்டு விரலைக் காட்டி டீ சொன்னார். வாயால் சொல்லவில்லை. இத்தனை நேரம் அவர் வாயை மூடிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. மாரடைப்பு ஏதாவது வந்துவிட்டதோ என்று கூட ஒரு நொடி பயந்துவிட்டேன்.

டீ வந்ததும் போனை எடுத்து ஓசூர் புரோக்கருக்குப் போட்டார். "நாந்தான் ஆதிகேசவன். எங்க வீட்ல இன்னா சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நின்று, ஸ்பீக்கரைப் போட்டு என்னிடம் நீட்டினார். "நீயே சொல்லு."

நான் வாங்கினேன். "ஹலோ, நான் உஷா பேசறேன். திங்கக்கிழமை விஷயமா..."

"டைம் மாத்தணும், அவ்ளோதானே மேடம்? கவலையே படாதீங்க, மத்தியானமா வெச்சிக்கலாம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நம்ம ஆளு..."

என் கையிலிருந்து போனை வெடுக்கென்று பிடுங்கினார் என் வீட்டுக்காரர்.

"யோவ்! அவங்க பேசி முடிக்கட்டும்யா! ஒரு மனுஷி பேசும்போது நடுவுல பூந்தா எப்படி? மொதல்ல கேக்கணும்யா. கேக்கறதுக்குப் பொறுமை வேணும். இப்ப என்னையே எடுத்துக்கோ, வாயத் தொறக்காம ஒக்காந்து கேட்டேன். நீ இன்னாடான்னா ஒரு நிமிஷம் கூட... இரு, நான் சொல்றதக் கேளு, அவங்க இன்னா நெனைக்கிறாங்கன்னா..."

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கேட்பது எப்படி என்று அவர் புரோக்கருக்குப் பாடம் எடுத்து முடிகிற மாதிரி தெரியவில்லை. அவர் மூச்சு வாங்கிய சமயம் பார்த்து போனைப் பிடுங்கினேன்.

"நான் ஓசூர் வரல. வேலையையும் விடல. திங்கக்கிழமை கையெழுத்துப் போட மாட்டேன்."

போனை அணைத்தேன். என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"டீ ஆறுது, குடி" என்றார்.