நாற்காலியில் சொன்ன ஆமா

சலூன்காரருக்குத் தொழிலில் ஒரே ஒரு கொள்கைதான். நாற்காலியில் உட்கார்ந்தவர் என்ன சொன்னாலும் "ஆமாங்க" என்று சொல்லிவிட வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கிறது என்றால் ஆமாங்க. அதே வெயில் இதமாக இருக்கிறது என்று அடுத்தவர் சொன்னால் அதற்கும் ஆமாங்க. மாமியாரைத் திட்டினாலும் மருமகனைத் திட்டினாலும் கத்தரிக்கோலும் நிற்காது, ஆமாங்கவும் நிற்காது. முடி வெட்ட வந்தவரோடு வாதாடி ஜெயித்து என்ன கிடைக்கப்போகிறது? அடுத்த மாதம் அவர் எதிர்க்கடையில் உட்கார்ந்திருப்பார்.

"உங்க வாயில இல்லைங்கிற வார்த்தையே வராதா?" என்று மனைவி கேட்பாள்.

"வரும், வரும்" என்பார். அதையும் ஆமாங்க சொல்கிற குரலில்தான் சொல்வார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் தலையில்தான் ஊரைக் கூட்டுகிற வேலை வந்து விழுந்தது. அவருடைய சின்ன மகளுக்கு எழுத்து தங்காது. இன்று படித்தது நாளை காலையில் காணாமல் போய்விடும். மக்கு என்று வகுப்பில் பெயர் வாங்கி, பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். பிறகுதான் அரசுப் பள்ளிக்கு அந்த டீச்சர் வந்தார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே படித்துவிட்டு வந்தவர். மணலில் எழுதவைத்தார், களிமண்ணில் எழுத்து பிடிக்கவைத்தார், ஒரே எழுத்தை ஒரு வாரம் முழுக்க விரலால் தடவவைத்தார்.

போன மாதம் சின்னவள் கடைக்கு வந்தவள், சுவரில் மாட்டியிருந்த விலைப்பலகை முன்னால் நின்று "மு... க... ச்... ச... வ... ர... ம்" என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, திரும்பி அப்பாவைப் பார்த்தாள். சலூன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு பக்க மீசை அன்று கொஞ்சம் கூடுதலாகவே போய்விட்டது.

அந்த டீச்சருக்குத்தான் இப்போது கத்தி. பள்ளிக்கு ஒதுக்கும் பணத்தை நகரசபை குறைக்கப் போகிறதாம். முதலில் போவது அவருடைய வேலைதானாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பொதுமக்கள் வந்து ஆட்சேபணை சொல்லலாம் என்று பள்ளி வாசலில் ஒட்டியிருந்தார்கள்.

அன்றிலிருந்து துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்ட மறு நிமிடமே சலூன்காரர் ஆரம்பித்துவிடுவார். டீச்சரைப் பற்றிச் சொல்வார், மகளைப் பற்றிச் சொல்வார், ஞாயிறு காலை மறக்காமல் வரவேண்டும் என்பார். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

"அநியாயம் தம்பி! இதை விடவே கூடாது" என்றார் மருந்துக்கடைக்காரர், சோப்பு நுரைக்குள்ளிருந்து. "குடும்பத்தோட வர்றேன்."

"ஆமா, ஆமா, வந்துடறோம்" என்றார்கள் மற்றவர்கள்.

"எத்தனை பேர் வருவாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"தெருவே வருது, பார்த்துக்கிட்டே இரு."

ஞாயிற்றுக்கிழமை நகரசபைக் கூடத்தில் நாற்காலிகள் வந்திருந்தன. வரிசை வரிசையாக, துடைத்துவைத்த மாதிரி காலியாக. சலூன்காரர், மனைவி, அந்த டீச்சர், மின்விசிறிக்கு அடியில் தூங்கும் ஒரு பெரியவர். அவரும் குடிநீர்க் குழாய் விஷயமாக வந்தவர். கதவு கிரீச்சிடும்போதெல்லாம் சலூன்காரர் திரும்பிப் பார்த்தார். தேநீர் கொண்டுவரும் ஆள்தான் போவதும் வருவதுமாக இருந்தார். தேநீரும் உறுப்பினர்களுக்கு மட்டும்தான்.

பள்ளி விஷயம் எடுக்கப்பட்டதும் கவுன்சிலர் எழுந்தார். சலூன்காரரிடம் தவறாமல் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ள வருபவர்தான்.

"நான் தன்னிச்சையா எதையும் பண்றவன் இல்லை. மக்கள்கிட்ட கேட்டுட்டுத்தான் பேசறேன். இதோ நம்ம சலூன்காரரே உட்கார்ந்திருக்காரு. அவர் பொண்ணே அந்த வகுப்புலதான் படிக்குது. 'ஏழெட்டுப் பிள்ளைங்களுக்காகத் தனியா ஒரு டீச்சர், வீண் செலவுதானே'ன்னு கேட்டேன். 'ஆமாங்க'ன்னாரு." அவர் சிரித்தபடி இந்தப் பக்கம் கையை நீட்டினார். "சொன்னீங்களா, இல்லையா?"

சொன்னார்தான், பள்ளி வாசலில் அந்த அறிவிப்பு வருவதற்கு முன்னால் ஒரு நாள். காதில் சாயம் பட்டுவிடக் கூடாதே என்று பிரஷ்ஷில் கண்ணாக இருந்தபோது ஏதோ செலவு, வீண் என்று காதில் விழுந்தது. எந்தச் செலவு என்றுகூடக் கேட்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. டீச்சர் சலூன்காரரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். மனைவி அவரையே பார்த்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எழுந்தார். "சொன்னேங்க" என்றார். "நான் எல்லாத்துக்கும்தாங்க ஆமா சொல்வேன். உங்களைப் பத்தி மத்தவங்க அதே நாற்காலியில உட்கார்ந்து என்னென்ன சொல்றாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அதுக்கும் ஆமாங்கன்னுதான் சொல்லியிருக்கேன்."

உறுப்பினர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. மகளைப் பற்றி, மணலைப் பற்றி, அந்த முகச்சவரம் பற்றிச் சொல்லத்தான் எழுந்தார். சிரிப்பு அடங்குவதற்குள் கவுன்சிலர், "சரி சரி, ஆட்சேபணை ஒண்ணுன்னு எழுதிக்குங்க. முடிவை அடுத்த கூட்டத்துல பார்க்கலாம். அடுத்து, குடிநீர்க் குழாய்" என்றார். மின்விசிறிப் பெரியவர் சட்டென்று விழித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி பத்தடி முன்னால் நடந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். கவுன்சிலர் மேல் வந்த ஆத்திரம் தெருமுனை வருவதற்குள் தெருக்காரர்கள் மேல் திரும்பியது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தன் வாய் மேலேயே வந்து நின்றது. இத்தனை வருஷம் ஊர் முழுக்க விநியோகம் பண்ணியதைத்தானே ஊர் அவருக்குத் திருப்பிக் கொடுத்தது!

மறுநாள் காலையில் முதல் ஆளாக மருந்துக்கடைக்காரர் வந்து உட்கார்ந்தார்.

"நேத்து கிளம்பிட்டேன் தம்பி. திடீர்னு விருந்தாளிங்க வந்துட்டாங்க."

சலூன்காரர் பதில் சொல்லாமல் வெட்டினார். இடது பக்கம் முடிந்தது. மருந்துக்கடைக்காரருக்கு அந்த மௌனம் என்னவோபோல் இருந்திருக்க வேண்டும்.

"ஆனாலும் பாருங்க, ஏழெட்டுப் பிள்ளைங்களுக்காக ஒரு டீச்சர்னா கொஞ்சம் அதிகம்தானே?"

கத்தரிக்கோல் நின்றது.

"இல்லைங்க" என்றார் சலூன்காரர்.

சொன்ன பிறகு அவருக்கே திக்கென்றது. ஆனால் வாய் நிற்கவில்லை. நேற்று கூடத்தில் சொல்ல முடியாமல்போன அத்தனையையும் கொட்டிவிட்டார். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தார். ஒரு பக்கம் ஒழுங்காகவும் மறுபக்கம் காடாகவும் இருந்தது. எழுந்து போகவும் வழியில்லை.

"ஆமா தம்பி, ஆமா. நீங்க சொல்றதுதான் நியாயம். அடுத்த கூட்டத்துக்குக் கண்டிப்பா வந்துடறேன்."

"அந்த ஆமா வேண்டாம் அண்ணே. அது இந்தக் கடைச் சரக்கு. உள்ளே ஒண்ணும் கிடையாதுன்னு எனக்குத் தெரியும். வராட்டி வரலைன்னே சொல்லுங்க."

மருந்துக்கடைக்காரர் போர்த்திய துணிக்குள் கையைப் பிசைந்துகொண்டார். கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னார்.

"வரலை. என் பிள்ளைங்க அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கலையே."

இத்தனை நாளில் ஒரு மனிதர் அவரிடம் சொன்ன முதல் நிஜமான வார்த்தை அதுதான். வலிக்கத்தான் செய்தது. சலூன்காரர் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, காத்திருப்பவர்களுக்குப் போட்டிருந்த ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"சரி அண்ணே. இப்ப பேசலாம்."