மேட்டு நிலத்தில் தெளித்த தண்ணீர்

1.

இரண்டு தோள்பட்டையும் கழன்று விழுகிற மாதிரி வலி. இந்தக் கதைக்காக நேற்று என் குடிசைக்குப் பின்னால் இடுப்பளவு குழி வெட்டினேன். 1969 மே மாதம் இதே இடத்தில் வெட்டிய குழியில் மண் என்ன நிறம் என்பது மறந்துபோயிருந்தது. அது தெரியாமல் கதை நகரவில்லை. கடப்பாரை பிடித்த கை இப்போது அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறது. கொழுப்பு ஏறிவிட்டது.

நிறம் சிவப்பு. எழுதலாம்.

2.

முதல் தொடக்கம்: "கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி..." வேண்டாம். மே மாத வெயிலை வாழ்த்துகிறவன் கல் உடைத்திருக்க மாட்டான்.

இரண்டாவது: தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகிற வழியில், ஓர் ஏரிக்கு மேலே பன்னிரண்டு குடிசைகள். நாங்கள் கல் உடைக்கிறவர்கள், மண் வெட்டுகிறவர்கள். பட்டா கேட்டு மனுப் போட்டிருந்தோம். இடம் மேட்டு நிலம் என்றால் பட்டா. ஏரிக்குள் சேர்ந்தது என்றால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். பார்த்து எழுத ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வேதசிரோமணி வருவதாகச் சேதி வந்தது.

இது போதும்.

3.

அவர் வெள்ளை பேண்ட் போடுகிறவர் என்று கேள்விப்பட்டு, புழுதி பறக்கக் கூடாதென்று விடிகாலையில் பன்னிரண்டு குடம் தண்ணீர் தெளித்தோம். ஏரிக்குள் இறங்கிப் பச்சைக் கோரை அறுத்து வந்து, கல்யாண வீட்டு வாழை மாதிரி வழியின் இரண்டு பக்கமும் வரிசையாக ஊன்றினோம். (யோசனை யாருடையது என்பதை இந்த அடைப்புக்குறிக்குள் மட்டும் சொல்கிறேன்: என்னுடையது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சிறுபிள்ளைத்தனம் என்று தப்பிக்க வழியில்லை.)

வேதசிரோமணி சைக்கிளை நிறுத்தினார். குனிந்து தரையைத் தொட்டார்.

"கோரை நிக்குது. தரை ஈரமா இருக்கு. அதுவும் மே மாசத்துல! இது ஏரிதான்ப்பா, இதுல என்ன டவுட்?"

பன்னிரண்டு குடும்பமும் இரண்டடி பின்னால் நகர்ந்தோம். சவுரிமுத்துவின் பெண்சாதி செல்வமேரி மட்டும் முன்னால் வந்தாள். மண் வெட்டுவதில் அவள் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது.

"சார், அது ஏரி இல்ல சார், மரியாத!"

"எதும்மா?"

"அந்தத் தண்ணி. எந்தப் பேமானியோ உனுக்கு மரியாத செய்றேன்னு ஊத்திகீறான். கோரைக்கு வேரு கீதான்னு இஸ்துப் பாரு சார்."

இழுத்தார். கையோடு வந்தது. நான் சவுரிமுத்துவின் முதுகுக்குப் பின்னால் போனேன்.

4.

வேதசிரோமணியை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். "அவர் கண்களில் அதிகாரத்தின்..." கிடையாது. அவர் கண்ணில் தூசி விழுந்திருந்தது, அவ்வளவுதான். "சரிம்மா, காட்டு" என்றார்.

செல்வமேரி இரண்டு இடத்தில் வெட்டினாள். கீழே, கோரை வேர்விட்டு நிற்கும் ஏரி ஓரத்தில் முதல் குழி: சாம்பல் நிறக் களிமண், அதில் துருப்பிடித்த மாதிரி கோடுகள், நத்தை ஓடு, அழுகல் வாடை. மேலே, ஆவாரையும் எருக்கும் முளைத்த எங்கள் இடத்தில் இரண்டாவது: நாலு விரல் ஈரம் (அது என் மரியாதை), அதற்குக் கீழே இடுப்பளவும் சிவப்புச் சரளை, வறுத்தெடுத்த மாதிரி. பக்கத்திலேயே ஆளுயரப் புற்று.

"தண்ணி நிக்கிற எடத்துல கறையான் இம்மாம் பெரிய வூடு கட்டுமா சார்? அதுக்கு இன்னா, நீ பட்டா குட்த்துட்டியா?"

வேதசிரோமணி சிரித்த சிரிப்பில் சைக்கிள் சாய்ந்தது. நின்றபடியே எழுதினார்: மேட்டு நிலம். பிறகு எங்களோடு உட்கார்ந்து, கருவாட்டோடு இரண்டு சொம்புக் கூழ் குடித்தார்.

(கட்டுரை மாதிரி ஒரு வரி: கோரையை ஊன்றலாம், தண்ணீரைத் தெளிக்கலாம், இடுப்பளவு ஆழத்தில் மண்ணின் நிறத்தை ஒரு காலையில் மாற்ற முடியாது. செல்வமேரி இப்படிப் பேச மாட்டாள். வெட்டிக் காட்டுவாள்.)

5.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. தண்ணீர் வேருள்ள கோரையைத் தாண்டவில்லை. "இன்னாத்துக்கு அங்கயே நிக்கிற? மேல வா, பாக்கலாம்!" என்று செல்வமேரி ஏரியைக் கூப்பிட்டாள். அது வரவில்லை. கொட்டுகிற மழையில் எல்லோரும் நனைந்துகொண்டே சிரித்தோம்.

இங்கே முடிக்கலாம். அல்லது வேதசிரோமணி மறுபடி கூழ் குடிக்க வருவதாக முடிக்கலாம். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டா கைக்கு வந்த முடிவை மட்டும் நான் எழுதுவதாக இல்லை. இது 1974. அவர் எழுதிய காகிதம் ஆபீசுக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது.

எங்களுக்கு வரவேண்டிய பாக்கி: பன்னிரண்டு பட்டா.