பானுப்ரியாவின் எடை

பானுப்ரியா அழுதால் எண்ணூறு கிலோ இருந்தாள், கோபப்பட்டால் மூன்று டன். வேடசந்தூர் பக்கம் மில் பேருந்து கவிழ்ந்த மூன்றாம் மாதத்திலிருந்து இப்படித்தான். பக்கத்து சீட்டில் அவள் தோளில் சாய்ந்து தூங்கிய மில் தோழி பவித்ரா அதில் போய்ச் சேர்ந்தாள். இவளுக்குச் சிராய்ப்புகூட இல்லை. சாம்பாரில் உப்பு குறைவு என்று புருஷன் கருப்பணன் வாய் திறந்த அன்று அடுப்படித் தரையோடு முழங்கால் ஆழம் இறங்கிவிட்டாள், டிராக்டரில் சங்கிலி கட்டித்தான் இழுக்க வேண்டியிருந்தது. பார்த்த டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். கோபத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்றார் சூப்பர்வைசர். வீடு தாங்காது என்றான் கருப்பணன். கடைசியில், தினமும் காலையில் ஊர் முக்கில் பஞ்சு லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் அவளை நிறுத்தி, எண்ணைப் பார்த்த பிறகே பேருந்தில் ஏற்றினார்கள்.

அடக்கு அடக்கு என்று ஊரே சொல்ல, அவளும் அடக்கப் பழகினாள், பாவம். ஆனியில் நாற்பது கிலோ, ஆடியில் இருபது. ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை திரையில் பூஜ்யம் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கருப்பணன் ஜிலேபி வாங்க ஓடினான். பானுப்ரியாவும் சிரித்தாள், காதுக் கம்மலைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்து, நீயே வைத்துக்கொள் என்றாள்.

மேடை ஆபரேட்டர் ரிஃபாத் பாய் மட்டும் எடைச் சீட்டுப் போட மறுத்தார். மேல வண்டி நிற்கும்போது பூஜ்யம் காட்டினால் வண்டி காலி என்று அர்த்தமில்லை, எங்கேயோ கோளாறு என்று அர்த்தம்; இருபது வருஷத் தொழிலில் அவருக்கு அதுதான் சட்டம். இறங்கி வந்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஏம்மா, செத்துப் போயிரலாம்னு தோணுதா?"

இதை அவளிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"தோணுது பாய். அன்னைக்குச் சன்னல் சீட்டை நாந்தான் பவித்ராகிட்ட கேட்டு வாங்குனேன்."

திரையில் ஐந்து கிலோ விழுந்தது. பிறகு நூறு. அவள் பேசப் பேச, அழ அழ, மத்தியானத்துக்குள் நாலு டன். பின்னால் பதினொரு லாரிகள் நின்றன. ஒருத்தனும் ஹாரன் அடிக்கவில்லை. அப்படியே டிப்பரில் ஏற்றித் திண்டுக்கல்லில் ஒரு மனநல டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அந்தம்மா சோற்றைப் பற்றிப் பேசவில்லை. பாய் போட்டுக் கொடுத்த நாலு டன் எடைச் சீட்டை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரமும் வரச் சொன்னார்.

இன்னமும் சில காலைகளில் பூஜ்யம் விழத்தான் செய்கிறது. அன்றைக்குக் கருப்பணனும், வரிசையில் முதலில் நிற்கும் லாரியின் டிரைவரும் கிளீனரும் மேடையில் ஏறி அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்காருகிறார்கள். இவர்கள் எடையைக் கழித்துவிட்டு ரிஃபாத் பாய் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், எண் நகரும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை. பஞ்சு லாரிக்காரர்கள் இப்போதெல்லாம் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பி வந்துவிடுகிறார்கள்.