நாற்பது மடியில் ஒரு வீடு

பழைய துறைமுகத் தெருவில் எடுத்த முதல் புகைப்படம் பதினெட்டு கிலோ இருந்தது. பிரிண்ட் போட்ட ஸ்டுடியோக்காரர் அதை உறைக்குள் தள்ளப் போய்த் தன் கால் கட்டைவிரலில் போட்டுக்கொண்டார். படம் எடுத்தவரை எல்லோரும் நங்கூரம் என்பார்கள். உள்ளூர்ச் சந்தையில் நாற்பது வருடம் மூட்டை தூக்கியவர். ஒவ்வொரு மூட்டையிலும் நீல நங்கூர முத்திரை இருக்கும். வியர்வையில் சாயம் இறங்கி அவர் முதுகில் ஊறிவிட்டது, கல்யாணத்துக்குத் தேய்த்த சோப்புக்கும் போகவில்லை. முட்டி தேய்ந்து வேலையை விட்டதும், மகள் தன் பழைய கேமராவைக் கொடுத்து, அம்மாவோடு மல்லுக்கு நிற்காமல் எங்காவது போய் வாருங்கள் என்றாள்.

"மூட்டை வந்த ஊரைப் பாத்துட்டு வரேன். இத்தனை வருஷம் சோறு போட்ட ஊரு. மூஞ்சி தெரியாமலே சாப்பிட்டுட்டேன்."

மூட்டைகள் புறப்பட்டு வந்த அந்தத் துறைமுகத் தெரு வருடத்துக்கு ஒரு விரல் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தாத்தா எட்டிப் பார்த்த ஜன்னல் பேரனுக்கு வாசல். தலைகீழாகப் புதைத்த பழைய பீரங்கிகளில்தான் கப்பல் கயிறு கட்டினார்கள். அவர் நங்கூர முத்திரை கண்ட இடமெல்லாம் கும்பிட்டுக்கொண்டே நடந்து, ஒரு கிடங்கின் கதவைப் படம் பிடித்துத் திரும்பினார். அந்தப் படத்தை அலமாரியில் வைத்தால் பலகை முறிந்தது, கட்டிலில் வைத்தால் கால் ஒடிந்தது, தரையில் வைத்தால் தரை விரிந்தது. மனித உடம்பு மட்டும்தான் தாங்கியது. துண்டில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டார். "இத்தனை வருஷம் மூட்டைய சந்தையோட விட்டுட்டு வந்தீங்க, இப்ப வீட்டுக்கே கொண்டு வரீங்களா?" என்றாள் மனைவி.

அடுத்த வாரம் போனபோது கிடங்கு நாலு விரல் உயர்ந்திருந்தது. அவர் படம் எடுத்துப் போன பிறகுதான் அது உயர்ந்தது என்பதை எதிரில் டீக்கடை வைத்திருந்த பெண் கவனித்திருந்தாள். அவள் வீட்டு வாசற்படிக்கும் தண்ணீருக்கும் இரண்டு விரல்தான் மிச்சம்; மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லித் துறைமுக அலுவலகம் கதவில் தாள் ஒட்டியிருந்தது. போக்கிடம் கிடையாது.

நங்கூரம் மடியிலிருந்த படத்தை ஒருமுறை ஏந்திப் பார்த்தார். அவர் கை தராசுக்குச் சமம். "இது கதவோட கனம் இல்லம்மா. கதவைக் கடல் இழுக்குற கனம்."

"அப்ப என் வீட்டையும் ஒண்ணு எடுங்கண்ணே. படத்துல நான் நிக்கல. நானும் கனம்தான்."

வீட்டுப் படம் ஆறு மூட்டை கனம், முந்நூறு கிலோ வந்தது. ஸ்டுடியோ மேசை இரண்டாகப் பிளந்தது. குடம் கூடத் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்த முதுகோடு நங்கூரம் அதன் முன்னால் குந்தி வெகுநேரம் யோசித்தார். கனம் என்றைக்கும் அதிகமில்லை, தோள்தான் குறைவு என்பது சந்தையில் எல்லோரும் அறிந்தது. அந்தப் படத்தையே நாற்பது பிரதியாகப் போடச் சொன்னார். கனம் பங்கு பிரிந்து, பிரதிக்கு ஏழரை கிலோ ஆனது. அவற்றை நாலு நாலாகச் சந்தைக்குச் சுமந்து போனார்.

"மூட்டை தூக்கினா கூலி உண்டு. வீடு தூக்கினா என்னப்பா உண்டு?" என்றார் பழைய கூட்டாளி.

"டீ உண்டு."

"சர்க்கரை போட்டா?"

"போடச் சொல்றேன்."

"குடு. அந்த ஊரு மூட்டையில வளந்த உடம்புதானே" என்று அவர் வேட்டி மடிப்பை அவிழ்த்தார். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அந்த நாற்பது பேரும் பயமில்லாமல் நடந்தார்கள்.

மாதக் கடைசியில் அளவுகோலோடு வந்த அதிகாரி, படி தண்ணீருக்கு ஒரு முழம் மேலே இருக்கக் கண்டு, முந்தைய அளவு பிழை என்று எழுதிவிட்டு டீ குடித்துப் போனார். அதற்கடுத்த வருடங்களில் தெருவின் மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாகப் பிரதியாகிப் பல சந்தைகளுக்குப் போயின. தூக்குபவர் இறந்தால் படம் தலைத்துணியோடு சேர்ந்து வாரிசுக்குப் போகும். வருடத்துக்கு ஒருநாள் நாற்பது பேரும் பஸ் ஏறி அவள் கடைக்கு வருவார்கள். மடியில் கட்டிய படத்தின் கனத்தில் எல்லோரும் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து நடப்பார்கள். அந்தத் தெருவில் யாரும் அதை வேடிக்கை பார்ப்பதில்லை. அவள் சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டு, முதல் கிளாஸை நங்கூரத்திடம் நீட்டுவாள்.

"ரொம்ப கனக்குதாண்ணே?"

"பழகின கனம்தாம்மா" என்பார் அவர்.